மூன்றாம் உலைக் கல்

ஜூலை 5, சனிக்கிழமை

அன்பு மகள் ரலித்சாவுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நான் சௌக்கியம், என் வலது முழங்காலும் எங்கள் கட்டடத்து லிப்டும் மட்டும் சௌக்கியமில்லை, இரண்டும் ஒரே வாரத்தில் நின்றுபோயின. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி யானாவும் அந்தக் கனடா நாட்டில் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சூடாக ஏதாவது சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும். ஆப்ரிகாட் இந்த வருஷம் கொட்டிக் கிடக்கிறது, பதினெட்டு ஜாடி ஜாம் போட்டு மூடி வைத்துவிட்டேன், யார் வந்து தின்பீர்களோ தெரியாது. யானா போன வாரம் வீடியோவில், பாட்டி, உன் மூக்கு திரைக்கு வெளியே வருது என்றாள். அது என் அம்மாவின் மூக்கு, உனக்கும் அதேதான், இன்னும் பத்து வருஷத்தில் அவளுக்கும் வரும் என்று சொல்லி வை. சரி, போனிலேயே பேசலாமே, ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒக்னியான் பெயரை எடுத்தால் போதும், உடனே அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று வைத்துவிடுகிறாய். ஒன்பது வருஷமாக உன் வீட்டு அடுப்பில் பொங்கிக்கொண்டே இருக்கிறது. கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது பார், அதை இப்போது பிரிக்காதே, முதலில் இதை முழுக்கப் படி. உன் அம்மா பழி வாங்கிவிட்டாள். எப்படி வாங்கினாள் என்பதைக் கோபப்படாமல் கேள்.

நீ மறந்துவிட்டதாகச் சொல்வாய், நான் எதையும் மறக்கவில்லை. யானா பிறந்த குளிர்காலம் தலைநகர் சோபியாவில் உன் வீட்டில் நான்கு மாதம் இருந்தேனே, அப்போது பார்த்தேன். இடது தோளில் குழந்தை, வலது கையில் எழுத்து. ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் கணக்கு. உன் சம்பள விடுப்புக் காலம் அது, வேலை செய்ய வேண்டியதே இல்லை, ஆனாலும் உனக்கு அந்தக் கண்ணாடி ஜாடி பிடித்துப்போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஒரு ஜாடியைப் படமாகக் காட்ட வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கோடு கோடாக எறிந்து பார்க்க வேண்டும், அதில் பாதிக்கு மேல் எங்கேயோ போய் விழுந்துவிடும், அதனால்தான் படம் முழுக்க மணல் தூவின மாதிரி வரும், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். போய்ச் சேர்ந்த கோடுகளிடமிருந்து மற்ற கோடுகள் வழி கற்றுக்கொள்கிற மாதிரி ஒரு கணக்கைக் கண்டுபிடித்தாய். அது சரியா தப்பா என்று பார்க்க ஒரு நிஜ ஜாடி வேண்டுமென்று, கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்தபோது, என் சமையலறை ஜன்னலிலிருந்த என் ஜாடியை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, கோடு போட்ட மேசைவிரிப்பில் வைத்து, சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாய். மூன்று நாள் அந்த மேசையில் யாரையும் சாப்பிட விடவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் நின்றுகொண்டே சூப் குடித்திருப்பார்.

அந்த ஜாடியின் கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், பின்னால் யானா படிப்பாள். கண்ணாடி ஆலையில் நானும் பென்காவும் இருபத்தாறு வருஷம் சோதனை வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பின்னால் வெள்ளை விளக்குப் பலகை, முன்னால் ஓடும் ஜாடிகள், நிமிடத்துக்கு நாற்பது. குமிழி, கோடு, கல், கீறல். கெட்டது கண்ணில் பட்டால் கை தானாகப் போய் எடுத்து உடைசல் தொட்டியில் போட்டுவிடும், யோசிக்க நேரமில்லை. மூன்றாம் உலையை அணைத்த கடைசி நாள், கடைசி ஜாடிகளில் ஒன்றைப் பென்கா பிடித்தாள். தோள் பக்கம் பார்லி மணி அளவுக்குக் கல். உலையின் சுவரிலிருந்து பெயர்ந்து கண்ணாடியில் கலந்து உருகாமல் நிற்கும் துண்டு அது, சுற்றிக் கண்ணாடி மீன் வால் மாதிரி இழுபட்டிருக்கும். தொட்டியில் போடாமல் என்னிடம் நீட்டினாள். அடியே, நம்ம உலையோட பல்லு விழுந்துடுச்சு, நீயே வச்சுக்கோ என்றாள். அந்த ஜாடிதான். மற்றவர்கள் என்றால் கம்ப்யூட்டரில் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டு அழகான ஜாடியாக வைத்திருப்பார்கள், நீ துடைக்கவில்லை. கல் போனால் இது யாரோ வீட்டு ஜாடிம்மா என்றாய். கல்லுக்குக் கீழே விரிப்பில் விழுகிற அந்தச் சின்ன வெளிச்ச வாலைச் சரியாகக் கொண்டுவரவே உனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வந்த அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆடினாய்.

அந்த வேலையைத்தான் ஒக்னியான் எடுத்துக்கொண்டான். உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அவன் தலைவன், நீ விடுப்பில் இருந்தாய், வெளிநாட்டு ஆராய்ச்சி இதழுக்குத் தன் ஒற்றைப் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டான். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், படம் தயாரிக்க உதவிய சக ஊழியருக்கு நன்றி என்று இருந்தது. பெயர்கூட இல்லை. வேறு யாராவது செய்திருந்தால் வேறு மாதிரி எரிந்திருக்கும். இவன் பென்காவின் மகன். பென்காவுக்கு மாலை ஷிப்டு விழுந்த நாளெல்லாம் என் மேசையில் என் சூப்பைக் குடித்து வளர்ந்தவன், உனக்குச் சைக்கிள் ஓட்டக் காட்டிக் கொடுத்தவன், என்னை அத்தை அத்தை என்பவன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பெட்டியும் குழந்தையுமாக விமானம் ஏறிவிட்டாய். நான் ஏறவில்லை. நான் இங்கேயே இருந்தேன், அவன் அம்மா வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில். ஒன்பது வருஷம் என்னால் முடிந்ததைச் செய்தேன். சீமை மாதுளை ஜாமைப் பென்கா வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தினேன், அவன் வந்து தின்பானே என்று. ஈஸ்டருக்கு அவன் வந்து என் சிவப்பு முட்டையோடு முட்டை மோதினால், உள்ளங்கையில் மர முட்டையை வைத்து மோதினேன், ஒன்பது வருஷமும் அவன் முட்டைதான் உடைந்தது, முட்டை உடையாதவருக்குத்தானே அந்த வருஷத்து அதிர்ஷ்டம். அவன் கார் பனியில் மாட்டிக்கொண்டபோது சக்கரம் வழுக்காமலிருக்க நான் தூவி வைத்த மணலை நானே கூட்டி அள்ளிக்கொண்டு மாடி ஏறினேன். இதெல்லாம் சில்லறை என்று எனக்கே தெரியும். பெரிய நோட்டுக்குக் காத்திருந்தேன்.

மாப்பிள்ளை ஏப்ரலில் போன் செய்தபோது சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே, நான்தான் பிடுங்கினேன். செப்டம்பரில் உங்கள் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்களாம், நீயும் கேட்டிருக்கிறாயாம், கண்ணாடி வெளிச்சக் கணக்கு யாருடையது, உன் பெயர் அதில் காணோமே என்று கேட்டதற்கு, அந்தக் குழுவில் இருந்தேன் என்று மட்டும் சொன்னாயாம். குழுவில் இருந்தாயாம்! எந்தக் குழு? நீ, நான், பால்புட்டி, அதுதான் குழு. மகளே, நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சினிமா முடிந்ததும் மேலே ஏறுகிற பெயர்களில் உன் பெயரைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுபத்திரண்டு வயதில் அந்த வெளிநாட்டு எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். முதலில் ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியில் கடல் அலை போட்டாய், அதில் பெயர் வரவில்லை. அப்புறம் கனடா போய்ச் சினிமாவுக்குப் பனிக்கட்டியும் கண்ணாடியும் செய்தாய், அதில் வந்தது, ஆயிரம் பேருக்கு நடுவில் எறும்பு மாதிரி. அரங்கைக் கூட்டுகிற பெண், எழுந்திருங்க பாட்டி, படம் முடிஞ்சுபோச்சு என்றாள். உனக்கு முடிஞ்சுது, எனக்கு இப்பதான் ஆரம்பம், காலைத் தூக்கிக்கறேன், கீழ கூட்டிக்கோ என்றேன். அப்படிப் பெயர் தேடுகிறவளிடம் பெயர் பெரிதில்லை என்று சொல்லாதே.

மே மாதம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய விளம்பரம் ஒட்டியிருந்தது. மே இருபத்துநான்கு, எழுத்துத் திருநாளன்று, வாசகசாலை மண்டபத்தில், கண்ணாடி நகரத்தின் மைந்தன் ஒக்னியானுக்கு ஊர்க் கௌரவப் பட்டம். கீழே படம். என் ஜாடி! என் மேசைவிரிப்பு! தோளில் கல், கீழே வெளிச்ச வால். ரொட்டிப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன், இரண்டு பஸ் போய்விட்டது. அப்புறம் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்றால், உலகத்தில் எந்த ஊரில் வேண்டுமானாலும் அவன் அந்தப் படத்தைக் காட்டியிருக்கலாம், பாரிஸில் காட்டலாம், ஜப்பானில் காட்டலாம். பாதி ஊர் கண்ணாடி ஆலையில் பென்ஷன் வாங்குகிற இடத்தில் கொண்டுவந்து காட்டுகிறானே, இவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று. ஜன்னலிலிருந்த ஜாடியைக் கழுவித் துடைத்துத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். முடி சுருட்டிக்கொண்டேன். உன் அப்பாவின் சாவுக்கு அப்புறம் போடாத நீல உடையைப் போட்டுக்கொண்டேன்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பென்கா முதல் வரிசையில், மார்பில் ரோஜா குத்தி, தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மேயர் பேசினார், பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், அப்புறம் ஒக்னியான் ஏறினான். நல்ல கோட்டு, வயிறு விழுந்திருக்கிறது. சுவர் அளவுக்கு ஜாடிப் படத்தைப் போட்டு, இரண்டு குளிர்காலம் தனியாக உட்கார்ந்து இந்த வெளிச்சத்தைப் பிடித்தேன் என்றான். தனியாக என்று சொன்னான், என் காதால் கேட்டேன். யாராவது வாழ்த்த விரும்புகிறீர்களா என்று மேயர் கேட்டதும் நான் எழுந்தேன். குரலைத் தேனில் தோய்த்துக்கொண்டு கேட்டேன், ஒக்னியான் கண்ணு, ரொம்ப அழகா இருக்குப்பா, ஜாடியோட தோள்ல ஒரு புள்ளி தெரியுதே, அது என்ன என்று. அவன் திரும்பிப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அதைப் பார்க்கிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குப் பிள்ளையின் மச்சம் எங்கே என்று தெரியாதா. சிரித்துக்கொண்டே, நல்ல கண்ணு அத்தை உங்களுக்கு, அது கம்ப்யூட்டர் கணக்குல விழுற அழுக்கு, எல்லாப் படத்துலயும் கொஞ்சம் வரும், அடுத்த தடவ துடைச்சுடுவோம் என்றான்.

நான் கைப்பையைத் திறக்கக்கூட இல்லை. பக்கத்திலிருந்து பென்கா கத்தினாள், அழுக்கா? கல்லுடா அது! மூணாம் உலைக் கல்லு, கடைசி நாள் நானே புடிச்சது! யோசித்துச் சொல்லவில்லை அவள், இருபத்தாறு வருஷத்துக் கை தானாகப் போகிற மாதிரி வாய் போய்விட்டது. பின்வரிசையிலிருந்து உலைக்காரக் கிழவர்கள் ஆமா கல்லுதான், வாலைப் பாரு என்றார்கள், யாரோ, ஏம்ப்பா மைந்தா, உங்க அம்மா கண்டுபுடிச்சத நீ இன்னும் கண்டுபுடிக்கலையா என்று கேட்க மண்டபமே சிரித்தது. அப்போதுதான் ஜாடியை எடுத்து மேடை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். சுவரில் ஒரு கல், என் கையில் ஒரு கல். இது என் சமையலறை ஜாடி, இதப் படம் புடிச்சது என் மக ரலித்சா, இந்தக் கல்லுக்காக ரெண்டு மாசம் உக்காந்தவ அவ, இவனுக்கு அது கல்லுன்னே தெரியல என்றேன். பென்கா என் கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். அவள் மார்பிலிருந்த ரோஜா ஏறி ஏறி இறங்கியது. அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இல்லையா என்று கேட்பாய். கொஞ்சம் இருந்தது. பழி வாங்கினவளுக்குத் தூக்கம் வராது என்பார்களே, எனக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆனால் அவன் சாமானியப்பட்டவனா. பட்டத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கினான். மறுநாள் ஊர்ப் பத்திரிகையில், விழாவில் ஆலைப் பாட்டிகளின் கலகலப்பு என்று எழுதினார்கள். நான் பாட்டி, நீ கலகலப்பு! வாசலில் என்னை நிறுத்தி, அத்தை, ஆராய்ச்சில யார் பேர் இருக்குன்றது பெரிய விஷயம் இல்ல, வேலைதான் பெருசு என்றான். பெருசில்லன்னா உன் பேர எடுத்துடு என்றேன். கார் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே முடிவு செய்தேன், ஊர் சிரித்தது போதாது, எழுத்தில் வேண்டும், அவன் கையால் வேண்டும். உனக்கு அங்கே செப்டம்பரில் காட்ட ஒரு காகிதம் வேண்டும், சிரிப்பைக் காட்ட முடியாது.

சவப்பெட்டிக் கடை மித்கோவிடம் போனேன். யாராவது செத்தால் நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று நாம் வாசக்கதவிலும் மரத்திலும் ஒட்டுகிற கறுப்புக் கரை போட்ட இரங்கல் தாள் இருக்கிறதே, உன் அப்பாவுக்கு இன்னும் நான் வருஷா வருஷம் ஒட்டுகிறேனே, அது ஒன்று வேண்டும் என்றேன். யாருக்கு பாட்டி என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். பத்திரிகையிலிருந்து வெட்டின ஒக்னியான் படத்தைக் கொடுத்தேன். ஐயோ, உயிரோட இருக்கறவன் பாட்டி, நேத்து ரொட்டிக் கடையில பாத்தேன் என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். ஆளுக்கு இல்லடா, அவன் வெக்கத்துக்கு, அது செத்து ஒன்பது வருஷம் ஆச்சு, அடக்கம் பண்ணினது மே இருபத்துநாலுதான் என்றேன். கொஞ்ச நேரம் காதைச் சொறிந்தான், அவன் அம்மாவும் சோதனை வரிசைக்காரிதான், அப்புறம் அடித்துக் கொடுத்தான். அவன் டஜனுக்குக் குறைந்து அச்சடிப்பதில்லை, ஊருக்கே தெரியும். என்ன எழுதினோம் தெரியுமா. சக ஊழியை ரலித்சாவின் வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொண்ட அன்று உயிர்விட்ட ஒக்னியானின் வெட்கத்தின் நினைவாக, வாசகசாலையில் அடக்கம் நடந்து இன்றோடு நாற்பது நாள், கலங்கும் மனதுடன் மூன்றாம் உலைச் சோதனை வரிசையினர். கீழே பறக்கும் புறா ஒன்றை மித்கோ இலவசமாகப் போட்டான்.

உடனே ஒட்டவில்லை. ஒட்டினால் அவமானம்தான் மிஞ்சும், காகிதம் வராது. ஜூன் இருபத்தொன்பது புனித பேதுரு நாள், பேதுருவிலிருந்து வந்த பெயர்தானே பென்கா, அவளுக்கு அன்று பெயர்த் திருநாள், சோபியாவிலிருந்து மகன் வராமல் இருக்க மாட்டான். பெயர்த் திருநாளுக்கு யாரையும் கூப்பிடவும் மாட்டார்கள், வந்தவரை வாசலில் நிறுத்தவும் முடியாது. முதல் ஆப்பிள் ஒரு கூடை எடுத்துக்கொண்டு, தாள் ஒன்றை நான்காக மடித்து ஆப்பிளுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்துக்கு அப்புறம் பென்கா என்னோடு பேசவில்லை, ஆனாலும் கதவைத் திறந்து, வா, கால துடைச்சுட்டு வா என்றாள். ஆட்டுக்கறி, வெள்ளரிக்காய், சீஸ் வைத்துச் சுட்ட பானித்சா அடை, ராக்கியா சாராயம் எல்லாம் இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன், கோபம் வேறு, பசி வேறு. அப்புறம் மடித்த தாளை ஒக்னியான் தட்டுக்கு அடியில் தள்ளினேன். பிரித்துப் பார்த்தான், முகம் ரொட்டி மாவு மாதிரி ஆகிவிட்டது. வர்ற புதன்கிழம நாப்பதாம் நாள், பஸ் நிறுத்தத்துல ஒண்ணு, ரொட்டிக் கடையில ஒண்ணு, பள்ளிக்கூடத்து மரத்துல ஒண்ணு, மேயர் ஆபீஸ் கதவுல ஒண்ணு, மீதிய எங்க ஒட்டறதுன்னு நீயே சொல்லு கண்ணு என்றேன். அத்தை, இது குத்தம், நான் போலீசுக்குப் போவேன் என்றான். போப்பா, என்ன திருடு போச்சுன்னு கேப்பாங்க, யாரோடதுன்னும் கேப்பாங்க, சொல்லிட்டு வா என்றேன். என்னதான் வேணும் உங்களுக்கு என்று கத்தினான். ஒரு பேரு வேணும், என் மக பேரு, உன் கையெழுத்துல என்றேன். பென்கா அவன் கையிலிருந்து தாளை வாங்கினாள். கண்ணாடி போடாமல் படிக்கிறாள் இன்னும், எழுபத்தெட்டு வயதில். முழுக்கப் படித்தாள், புறா வரைக்கும் பார்த்தாள், மடித்து மேலங்கிப் பையில் போட்டாள். எனக்கு ரொட்டி ஒரு துண்டு வெட்டி வைத்தாள். கறியில உப்பு போதுமா ஸ்தோய்மென்கா என்று மட்டும் கேட்டாள். போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

புதன்கிழமை காலை செருப்பு மாட்டிக்கொண்டு, மீதிப் பதினொரு தாளையும் ஒட்டும் நாடாவையும் கையில் எடுத்துவிட்டேன், கதவு தட்டுகிற சத்தம். பென்கா. லிப்ட் இல்லாமல் ஐந்து மாடி ஏறி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு உறையை மேசையில் வைத்தாள். திங்கக்கிழம அவன ஊருக்குப் போக விடல, கார் சாவி என் பையில என்றாள். எழுத உக்கார வச்சேன், நாங்கள் கண்டுபிடித்தோம்னு எழுதினான், கிழிச்சேன், எனக்கும் பங்கு உண்டுன்னு எழுதினான், கிழிச்சேன், மூணாவது தடவதான் கல்லு இல்லாம வந்துச்சு என்றாள். நேத்து நோட்டரி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி முத்திரை குத்தியாச்சு, அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்கும் என் கண்ணு முன்னாடியே கம்ப்யூட்டர்ல எழுதி அனுப்பினான், நகல் உள்ள இருக்கு, அம்பது வயசுப் புள்ளைக்குப் பக்கத்துல நின்னு எழுத வச்சேண்டி என்று சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அந்த உறைதான் உனக்கு உள்ளே வைத்திருப்பது. கண்ணாடி வெளிச்சக் கணக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்தவர் ரலித்சா ஒருவரே, என் பெயர் அதில் இருக்கக் கூடாது என்று அவன் கையால் எழுதியிருக்கிறான். நான் மூன்று தடவை படித்தேன். குமிழி இல்லை, கோடு இல்லை.

அப்புறம் பென்கா கையை நீட்டினாள், அந்தத் தாள்களக் குடு என்றாள். கொடுப்பது நியாயம்தான். எனக்கு நியாயத்தைவிடக் கொஞ்சம் கூட வேண்டியிருந்தது. அவள் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பித் தண்ணீர் பிடித்துக் குடித்த நேரத்தில் ஒன்றை உருவி மாவு டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட்டு மீதியைக் கொடுத்தேன். அவள் எண்ணவில்லை, விரலால் ஓரத்தைத் தடவினாள், அவ்வளவுதான். பத்து, எங்கிட்ட இருக்கறதோட பதினொண்ணு என்றாள். அவ்வளவுதான் அடிச்சான் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், விளக்குப் பலகைக்கு முன்னால் ஜாடியைப் பார்க்கிற பார்வை. மித்கோ டஜன் கணக்குலதாண்டி அடிப்பான் என்றாள். நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். கதவு வரைக்கும் போனவள் திரும்பி, சரி, ஒண்ணு உங்கிட்டயே இருக்கட்டும், இருக்குன்னு அவனுக்கு நான் சொல்லிக்கறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். மறுநாள் அவள் வீட்டு வாசலில் இரண்டு ஜாடி ஜாம் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் ஒரு ஜாடி காலியாகி, கழுவி, என் கதவருகே இருந்தது. அவ்வளவு சீக்கிரம் ஜாம் காலியாகாது, வேறு ஜாடிக்கு மாற்றியிருப்பாள். மன்னிப்பா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கப் போவதில்லை.

இப்போது உன் முறை மகளே. அந்த உறையைப் பிரி. பெருந்தன்மையாக மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கலாம் என்று நினைக்காதே, பென்கா ஐந்து மாடி ஏறிக் கொண்டுவந்த காகிதம் அது, பெற்ற மகன் எழுதினதைக் கிழித்துக் கிழித்துத் திரும்ப எழுத வைத்தது. கைக்குக் கிடைத்த மறுநாளே உங்கள் கம்பெனிக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடு, குழுவில் இருந்தேன் என்று இனி ஒருவரிடமும் சொல்லாதே. தலையை நிமிர்த்திப் பேசு, ஆனால் காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் போனால் உனக்குக் குரல் நடுங்கும். திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே, மணிக்கு ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார், நாங்கள் ஷிப்டில் அப்படித்தான் கண்ணைக் காப்பாற்றினோம். மாப்பிள்ளையின் இருமலுக்குப் பைன் மொட்டுத் தேன் அனுப்புகிறேன். யானாவிடம் கடிதத்தைக் காட்டு, மர முட்டை சமாசாரத்தை மட்டும் விட்டுவிடு.

எங்கே இருந்தாலும் உன் கை தொட்டது துலங்கட்டும், உன் பிள்ளை உன்னைவிட உயரட்டும், உங்கள் மூவரின் வீட்டிலும் வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும். ஜாடி மறுபடி சமையலறை ஜன்னலில்தான் இருக்கிறது, கல் இருக்கிற பக்கத்தைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன், அவன் அம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி. அந்த இதழ் உன் பெயரோடு திருத்தி அச்சாகி வந்தால் ஒரு பிரதி அனுப்பு, மறந்துவிடாதே. அதில் உன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மாவு டப்பாவுக்கு அடியில் இருப்பது அடுப்புக்குப் போகும். அதுவரை டப்பாவை நான் நகர்த்துவதில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஸ்தோய்மென்கா,
மூன்றாம் உலை, சோதனை வரிசை, ஜன்னலோர நாற்காலி